மிகைச் சுமையால் பழுதுறும் இன்வர்ட்டர்களும் அவற்றைச் செப்பனிடும் முறையும்

மின் விநியோகம் தடைப்படும் வேளையில் விளக்கும் விசிறியும் இயங்க வேண்டும் என்னும் தேவை இன்று வீடுகளோடு நின்றுவிடவில்லை. பள்ளி, சுகாதார நிலையம், அலுவலகம் ஆகிய இடங்களிலும் இன்வர்ட்டரும் மின்கலமும் இன்றியமையாதவை ஆகிவிட்டன. 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வடபகுதி மின் தொகுப்பும், மறுநாள் அதனுடன் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் செயலிழந்தபோது இத்தகைய சேம ஏற்பாடுகளின் அவசியம் யாவருக்கும் தெளிவாயிற்று.

இக்கருவிகள் பழுதடைவதற்குரிய முக்கியக் காரணங்களுள் ஒன்று, அவற்றின் தாங்கும் திறனுக்கு மேற்பட்ட சுமையை ஏற்றுவதாகும். எரிந்துபோன உறுப்பை மாற்றுவது செப்பனிடும் பணியில் ஒரு பாதியே; எரிவதற்குக் காரணமான சுமையைக் கண்டு நீக்குவது மறு பாதி. பின்னதைச் செய்யாது விட்டால் முன்னதற்குச் செலவிட்ட உழைப்பும் பொருளும் வீணாகும்.

இயங்கும் விதம்

விநியோக மின்சாரம் உள்ளபோது இக்கருவி மின்கலத்தை மின்னேற்றம் செய்கிறது. அது நின்றவுடன், ரிலே என்னும் மாற்றுச் சாவி சுமையை இன்வர்ட்டரின் பக்கம் திருப்புகிறது. அப்போது மாஸ்பெட் எனப்படும் குறைகடத்திச் சாவிகள், மின்கலத்தின் 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தை வினாடிக்கு 50 சுற்று வீதம் திசை மாற்றி மின்மாற்றிக்குள் செலுத்துகின்றன. மின்மாற்றி அதனை 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமாக உயர்த்தித் தருகிறது. மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டுப் பல மாஸ்பெட்கள் பக்க இணைப்பில் அமைக்கப்பட்டு, அலுமினிய வெப்பத் தகட்டின்மீது பொருத்தப்பட்டிருக்கும்.

சுமையைக் கணக்கிடுதல்

கருவியின்மேல் 900 வி.ஏ. எனப் பொறித்திருப்பின் அது 900 வாட் தரும் எனக் கொள்ளலாகாது. திறன் காரணி 0.8 ஆயின் அது தாங்கத்தக்கது 720 வாட் மட்டுமே. ஒரு பள்ளி அலுவலகத்தில் 75 வாட் விசிறிகள் நான்கும், 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள் ஆறும், 150 வாட் கொள்ளும் கணிப்பொறி ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தச் சுமை 570 வாட். இது வரம்புக்கு உட்பட்டது. கருவியின் பயனுறுதிறன் நூற்றுக்கு 80 எனின், 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 59 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்.

இவ்விணைப்பில் லேசர் அச்சுப்பொறி ஒன்றையும் சேர்த்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அதன் உள்ளிருக்கும் வெப்ப உருளை சூடேறும்போது 800 வாட் கொள்ளுமாயின், மொத்தச் சுமை 1,370 வாட் ஆகிறது; மின்கல மின்னோட்டமும் ஏறத்தாழ 143 ஆம்பியராக உயர்கிறது. மின்தடையில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மின்னோட்டம் 2.4 மடங்கானால் வெப்பம் ஏறத்தாழ 6 மடங்காகிறது. நீர் இறைக்கும் மோட்டாரும் குளிர்பெட்டியும் தொடங்கும் கணத்தில் தமது இயல்பான மின்னோட்டத்தைப்போலப் பன்மடங்கு இழுக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மிகைச் சுமை ஏற்பட்டதும் நல்ல கருவி தானே நின்றுவிடும். சுமையைக் குறைக்காமல் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தி அதனை இயக்குவோர் பலர். ஒவ்வொரு முறையும் வெப்பம் மேலும் ஏறி, முடிவில் மாஸ்பெட் ஒன்று குறுக்கிணைப்பு அடைகிறது. இதனினும் கொடிய வழக்கம், எரிந்த பியூஸுக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றுவதாகும். குறுக்கிணைப்பு நேரும்போது மின்கலம் பல நூறு ஆம்பியரைத் தர வல்லது; தடுப்பார் இல்லையெனில் கம்பியுறை எரிந்து கட்டடமே தீப்பற்றக்கூடும்.

செப்பனிடுமுன் எச்சரிக்கை

முதலில் விநியோக இணைப்பையும், பின்னர் மின்கல இணைப்பையும் துண்டிக்க வேண்டும். மெயின் சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. இன்வர்ட்டர் உடனே இயங்கி 230 வோல்ட்டைத் தந்துகொண்டிருக்கும். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டம் வடியச் சில நிமிடங்கள் காத்திருத்தல் நலம். மின்னேற்றம் பெறும் மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஆதலின் அவ்விடத்தில் நெருப்பும் பீடியும் கூடா.

ஆய்வு முறை

மேலுறையைத் திறக்குமுன் மின்கல முனைகளை நோக்குக. உப்புப் பூத்த முனையின் மின்தடை 0.01 ஓம் ஆயினும், 59 ஆம்பியர் பாயும்போது அங்கு 0.6 வோல்ட் வீணாகி, 35 வாட் அளவு வெப்பம் தோன்றும். கருவியோ மின்கலம் தீர்ந்துவிட்டதாகக் கருதி நிற்கும். முனையைச் சுரண்டித் துடைத்து இறுக்கிய பின் குறை நீங்கிவிடுவதும் உண்டு. மின்கலத்தின் ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் கொண்டு அமிலத்தின் ஒப்படர்த்தியைக் காண்க. ஏனைய அறைகளைவிட ஓர் அறை மட்டும் மிகக் குறைந்து நிற்குமாயின் மின்கலமே பழுதுற்றது.

அடுத்து மாஸ்பெட்களை மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். அவை பக்க இணைப்பில் உள்ளமையால், ஒன்று கெட்டால் அவ்வரிசை முழுவதும் கெட்டதாகத் தோன்றும். தனித்தனியே கழற்றிச் சோதித்தாலன்றி உண்மை விளங்காது. ஒன்றே கெட்டிருப்பினும் அவ்வரிசை முழுவதையும் ஒரே எண்ணுள்ள புதியவற்றால் மாற்றுவது முறை. இன்றேல் மின்னோட்டம் சமமாகப் பகிரப்படாது. அவற்றின் வாயில் முனையில் உள்ள மின்தடைகளையும், அவற்றை இயக்கும் சுற்றையும் தவறாது ஆராய்க.

பழுது நீக்கிய கருவியை நேரே மின்கலத்தில் இணைத்தல் ஆகாது. 12 வோல்ட், 60 வாட் மோட்டார் வண்டி முகவிளக்கு ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்த்து, சுமையின்றி இயக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் அச்சமில்லை. முழு ஒளியுடன் நிலைத்து எரிந்தால் குறுக்கிணைப்பு இன்னும் நீங்கவில்லை என்று பொருள். இவ்வெளிய சோதனை புதிய உறுப்புகளைக் காக்கும்.

இறுதியாக ரிலேயைக் காண்க. மிகைச் சுமையினால் அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், இன்வர்ட்டரின் மின்சாரம் வெளியே உள்ள விநியோகக் கம்பிக்குப் பின்னோக்கிச் செல்லக்கூடும். மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிருக்கே அது ஆபத்தாகும். ஒட்டிய ரிலேயைத் தேய்த்துப் பயன்படுத்தாமல் மாற்றியே தீர வேண்டும்.

மீண்டும் நேராமல் காத்தல்

விளக்கு, விசிறி, கணிப்பொறி ஆகியவற்றுக்குத் தனிச் சுற்றும், இஸ்திரிப் பெட்டி, அச்சுப்பொறி, மோட்டார் ஆகியவற்றுக்கு வேறு சுற்றும் அமைத்து, முன்னதை மட்டும் இன்வர்ட்டரோடு இணைக்க வேண்டும். இணைத்த பொருள்களின் வாட் அளவையும் மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டி வைப்பது பயன் தரும். ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். ஓமின் விதியும் வெப்ப விதியும் பாடநூலில் மட்டுமன்றித் தம் பள்ளிச் சுவரிலும் செயற்படுவதை அவர்கள் காண்பர். புதிதாக ஒரு பொருளை இணைக்க வருவோரைத் தாளைக் காட்டித் தடுக்கவும் கற்பர்.