நக்தின் கல்லறை: காத்து நிற்கும் வண்ணங்கள்

எகிப்தின் லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள குன்றுகளில் பண்டைக்கால அதிகாரிகளின் கல்லறைகள் நூற்றுக்கணக்கில் குடையப்பட்டுள்ளன. அவற்றுள் 52ஆம் இலக்கக் கல்லறை அளவில் சிறியது; ஓவியங்களால் புகழ்பெற்றது.

கி.மு. 1400ஆம் ஆண்டளவில் வாழ்ந்த நக்த் என்பவருக்குரியது இது. எழுத்தரான அவர், அமுன் கடவுளின் கோவிலில் நேரம் கணிப்பவராகவும் இருந்தார். இரவில் விண்மீன்களின் நகர்வைக் கவனித்து வழிபாட்டு வேளையை அறிவதே இப்பதவியின் பணி. அவரது மனைவி தாவி, அதே கடவுளுக்குரிய பாடகியருள் ஒருவர்.

எனினும் சுவர்களில் தீட்டப்பட்டிருப்பது வானியல் அல்ல. உழவும் அறுவடையும், திராட்சை பறிப்பும், பறவை வேட்டையும், விருந்தில் இசைக்கும் மூன்று பெண்களும் அங்கே காணப்படுகின்றனர். இறந்தவருக்கு மறுமையிலும் உணவும் மகிழ்ச்சியும் தேவை என்றும், அவரது பெயர் நிலைத்திருக்கும்வரை அவரும் நிலைத்திருப்பார் என்றும் எகிப்தியர் நம்பினர். எனவே கல்லறையின் முன்கூடம், உயிரோடிருப்பவர்கள் வந்து காணிக்கை செலுத்துவதற்கென்றே அமைக்கப்பட்டது.

உளியும் கடலும்

சில பத்தாண்டுகளில் முதல் சேதம் நேர்ந்தது. சூரிய வட்டமான ஆத்தனை மட்டுமே வழிபட்ட மன்னர் அகநாத்தன் காலத்தில், அமுனின் பெயர் நாடெங்கும் அழிக்கப்பட்டது. நக்தின் பதவிப் பெயரிலிருந்தும் அது செதுக்கி நீக்கப்பட்டது.

கல்லறை 1889ஆம் ஆண்டு வெளியுலகுக்குத் தெரியவந்தது. பின்னர் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திற்காக அங்கு பணியாற்றிய நோர்மன் டேவிஸ், மண்டியிட்ட நிலையில் நக்தைக் காட்டும் சிறு சிலையொன்றைக் கண்டெடுத்தார். 1915இல் அமெரிக்காவுக்கு அதை ஏற்றிச்சென்ற 'அரபிக்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியதில், சிலை கடலில் மூழ்கியது. இன்று அதன் புகைப்படங்களே எஞ்சியுள்ளன.

மூச்சுக்காற்றின் ஈரம்

தற்காலத்து ஆபத்து வேறுவகையானது. உலர்ந்த காரைப்பூச்சின்மீது தீட்டப்பட்ட இவ்வகை வண்ணங்களை, பார்வையாளர்களின் மூச்சும் வியர்வையும் சேர்க்கும் ஈரப்பதம் பாதிக்கக்கூடும். உரசலாலும் அவை உதிரலாம். இதனால் ஓவியங்களுக்கு முன்னே கண்ணாடித் தடுப்புகள் அமைக்கப்பட்டன.

துட்டன்காமுன் கல்லறையின் முழு அளவு நகலொன்று 2014இல் இதே மேற்குக் கரையில் திறக்கப்பட்டது. மூலக் கல்லறையின் மீதான சுமையைக் குறைக்க அது ஒரு வழி. ஆயினும் மூலத்தையே காண விரும்புவோரின் வருகை நிற்பதில்லை. அவர்கள் செலுத்தும் கட்டணமும் நாட்டுக்குத் தேவைப்படுகிறது.

வருவோரை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட கூடத்தை, வருவோரிடமிருந்தே காக்க வேண்டியிருப்பது பாதுகாவலர்களின் முன்னுள்ள சிக்கலாகும்.