பாலில்லை என்று பழிக்காதீர்கள்



ஸூரத்துல் பகராவின் 233ஆம் வசனத்தில் இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றிய பகுதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே வசனத்தில்தான், பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்குத் துன்பம் தரக் கூடாது என்றும், பிறரைக் கொண்டு பாலூட்டுவது குற்றமில்லை என்றும் வல்ல அல்லாஹ் கூறுகிறான். நபி (ஸல்) அவர்களும் ஹலீமா (ரலி) அவர்களிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள்தாமே! அப்படியிருக்க, பால்மா கரைக்கும் மருமகளை மாமி குத்திக் காட்டுவது எந்த மார்க்கம்?

ஆனால் அவசரப்பட்டுப் போத்தலை எடுக்காதீர்கள். முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் சில கரண்டிதான். சிசுவின் சின்ன வயிற்றுக்கு அது போதும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். போத்தல் பழகினால் உறிஞ்சுவது குறையும், பாலும் குறையும். முலைக்காம்பு புண்ணானால், பிள்ளை வாய்வைக்கும் முறையைக் குடும்பநல மாதுவிடம் காட்டித் திருத்துங்கள். ஐந்து நாளான பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். குறைந்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியர் சொல்லிப் பால்மா கொடுப்பதென்றால், தண்ணீரைக் கவனியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் நிலத்தடி நீரே கிணறுகளுக்கு வருகிறது. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் அதில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. குருநகர் போல வீடுகள் நெருங்கிய கரையோரங்களில் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி குறைவு. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. போத்தல் பால் குடிக்கும் சிசுக்களை எண்ணியே அது வகுக்கப்பட்டது. குடாநாட்டின் பல கிணறுகளில் அந்த அளவு மிஞ்சியிருக்கக் கண்டிருக்கிறார்கள். மிஞ்சினால் சிசுவின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க இயலாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.

ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். நல்ல நீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்குள், சூடு 70 பாகைக்குக் குறையுமுன் மாவைக் கரையுங்கள்; ஆறிய பின் ஊட்டுங்கள். சிக்கனத்துக்காக மாவைக் குறைக்காதீர்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வாப்பாமாருக்கும் ஒரு சொல். பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் அதே வசனம் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளைக்கு நல்ல தண்ணீர் தேடிக் கொண்டு வருவது அதில் அடங்காதா?