சாத்துக்குடி தப்பியது, பம்பளிமாஸ் மாட்டியது

கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கியதும் “புளிப்புப் பழம் எதையும் தொடாதீங்க” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அன்றோடு வீட்டில் சாத்துக்குடிக்கும் எலுமிச்சைக்கும் தடை. இவ்வளவு பயம் தேவையில்லை. வம்பு பண்ணுவது அந்தக் குடும்பத்தில் சிலர்தான். முதல் ஆள் கிரேப்ஃப்ரூட். பெயரைப் பார்த்துத் திராட்சையை ஒதுக்கிவிடாதீர்கள். இது பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். பம்பளிமாஸும், மார்மலேடு செய்யும் கசப்பு ஆரஞ்சும் அதன் கூட்டாளிகள்.

விஷயம் தற்செயலாகத்தான் வெளிவந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. மது கலக்காத சாற்றைக் குடித்தபோதும் அதே கதை! 1991-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது.

நாம் விழுங்கும் மருந்து முழுவதும் ரத்தத்துக்குப் போவதில்லை. சிறுகுடல் சுவரில் இருக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி, சுங்கச்சாவடிபோல வழியிலேயே ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாட்டினில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தை எட்டுகிறது. இந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவே முடிவாகிறது. இந்தப் பழங்களிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. குடல் புதிதாக நொதி தயாரிக்க ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். அதனால் ‘காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை’ என்ற சாமர்த்தியம் இங்கே முழுதாகப் பலிக்காது.

பின்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், தினம் ஒரு டம்ளர் கிரேப்ஃப்ரூட் சாறு மூன்று நாள் குடித்தவர்களின் ரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் சுமார் 3.6 மடங்கு கூடியது. லோவாஸ்டாட்டினும் இதே ரகம். அட்டோர்வாஸ்டாட்டினில் பாதிப்பு குறைவு, தினம் 1.2 லிட்டருக்கு மேல் குடிப்பதைத்தான் அதன் மருந்துக் குறிப்பு குறிப்பாக எச்சரிக்கிறது. ரோசுவாஸ்டாட்டினும் பிராவாஸ்டாட்டினும் இந்த நொதியை நம்பியில்லாததால் அவற்றுக்குக் கவலையில்லை. ஆகவே பழத்தைத் திட்டுவதற்கு முன் மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

மருந்து மிகுந்தால் அடி தசைக்கு. காரணமில்லாத தசைவலி, சோர்வு, கறுத்த சிறுநீர் என்றால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகமே கெட்டுப்போகலாம். அதற்குப் பயந்து மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதும் சரியல்ல. பழத்தை விட முடியாதவருக்கு வேறு ஸ்டாட்டின் எழுதித் தர மருத்துவரால் முடியும்.

மலேசியாவில் சீனப் புத்தாண்டையொட்டிக் குவியும் பொமேலோவும் நம் பம்பளிமாஸ்தான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் அதன் ஒரு சுளையைக்கூடத் தொடாமலிருப்பது நல்லது. அந்த மருந்துகளும் இதே நொதி வழியாகத்தான் போகின்றன.