குழியை மூடினால் நிலம் ஆகிவிடுமா?



நாம் பஸ்ஸில் போகும்போது நெய்வேலிப் பக்கம் தெரியுமே பெரிய பெரிய மண்மேடு, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. என் ஆயா விவசாயி. 2023 ஜூலையில் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர் மேல் இயந்திரம் இறங்கிக் கால்வாய் வெட்டியதை டி.வி.யில் காட்டினார்கள். ஆயா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அப்பா, "நிலக்கரி எடுத்த குழியை மூடி மரம் வெக்கிறாங்கம்மா, நானே பாத்திருக்கேன்" என்றார். ஆயா சொன்ன பதில்: "குழிய மூடலாம்டா. மண்ண யாரு செய்வா?"

இரண்டு பேர் சொல்வதும் சரி போலத்தான் எனக்குத் தோன்றியது. அதனால் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும், நானே சோதனை செய்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சுரங்கம் எப்படி வெட்டுகிறார்கள்?

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். நிறுவனம் தொடங்கியது 1956-இல். நிலக்கரி முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது 1961-இல். இது திறந்தவெளிச் சுரங்கம். பல இடங்களில் 50 மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்றினால்தான் நிலக்கரி தெரியும். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறக்குறைய 5 கன மீட்டர் மண்ணை அள்ள வேண்டும். 'பக்கெட் வீல்' என்ற ராட்சத சக்கர இயந்திரம் மண்ணை வெட்டும், கன்வேயர் பெல்ட் கொண்டுபோகும், 'ஸ்ப்ரெட்டர்' கொட்டும்.

முதலில் வெட்டிய மண்ணைப் போடக் குழி ஏது? அதனால் வெளியே கொட்டினார்கள். அதுதான் நாம் பார்க்கிற மேடு. பிறகு வெட்டுகிற மண்ணை, நிலக்கரி எடுத்து முடித்த பக்கத்தில் நிரப்பிக்கொண்டே போகிறார்கள்.

நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே உடைந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகவே சுரங்கம் மண்ணை மட்டுமல்ல, தண்ணீரையும் தொடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

தலைகீழான மண்

வயலின் மேல்மண் ஓர் அங்குலம் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகுமாம். இலை மக்கியது, சாணம், மண்புழு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆழத்தில் உள்ள மணலிலும் களிமண்ணிலும் இவை கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக் கொட்டினால், உயிருள்ள மண் அடியில் புதைந்து உயிரில்லாத மண் மேலே வந்துவிடும். பார்ப்பதற்கு மண்தான், ஆனால் வயல் இல்லை.

என் மூன்று தொட்டிகள்

இதைச் சோதிக்க மூன்று தொட்டி எடுத்துக்கொண்டேன். முதல் தொட்டியில் ஆயாவின் வயல் மண். இரண்டாவதில் மேட்டோரம் எடுத்த சுரங்க மண். மூன்றாவதில் அதே சுரங்க மண்ணோடு மக்கிய தொழு உரம். மூன்றிலும் உளுந்து விதைத்தேன்.

முதல் வாரம் மூன்றும் ஒரே மாதிரி முளைத்ததால் எனக்கு ஏமாற்றம். "விதைக்குள்ளயே கொஞ்ச நாளுக்குச் சாப்பாடு இருக்கு, பொறுத்துப் பாரு" என்றார் ஆசிரியர். அப்படியே நடந்தது! மூன்றாவது வாரத்தில் இரண்டாம் தொட்டிச் செடி மஞ்சளாகி நின்றுவிட்டது. ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கியது, காய்ந்ததும் வெடிப்பு விட்டது. மூன்றாம் தொட்டிச் செடி பச்சையாக இருந்தது, ஆனால் வயல் மண் செடியின் பாதி உயரம்தான்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

1. வெட்டும் முன்பே மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, குழியை நிரப்பியபின் அதையே மேலே பரப்ப வேண்டும். இதுதான் முதல் விதி.
2. மேட்டைப் படிப்படியாக அமைத்து, புல்லும் மரமும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழையில் மண் கரைந்து ஏரி, வாய்க்காலை மேடாக்கிவிடும்.
3. சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். அவற்றின் வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுக்கும்.
4. தொழு உரத்தோடு, பழுப்பு நிலக்கரியிலிருந்தே எடுக்கும் ஹியூமிக் அமிலமும் உதவும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நெய்வேலி சுரங்க மண்ணில் பயிர் வளர்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

உங்களுக்குத் தெரியுமா?

நிலக்கரிச் சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்பே தயாரித்து, அதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் கட்ட வேண்டும் என்று மத்திய அரசு 2009-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. சுரங்கம் தோண்டிய இடத்தில் மறுபடி புல் வளர்த்துத் தர வேண்டும் என்பதையும் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது.

நண்பர்களே, நம் வகுப்பறை விசிறி சுற்றுவதற்கு மின்சாரம் வேண்டும். அதற்கு நெய்வேலி நிலக்கரியும் உதவுகிறது. என் வீட்டில் அடுப்பு எரிவது அப்பாவின் சுரங்கச் சம்பளத்தில். ஆகவே சுரங்கமே வேண்டாம் என்று சுலபமாக என்னால் எழுத முடியவில்லை. ஆனால் 'குழியை மூடிவிட்டோம்' என்பதும் 'நிலம் திரும்ப வந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. எத்தனை மரம் வைத்தார்கள் என்று மட்டும் கேட்காமல், மேல்மண் எங்கே, அதில் என்ன விளைகிறது என்றும் நாம் கேட்க வேண்டும்.

மூன்றாம் தொட்டியை ஆயாவிடம் காட்டினேன். விரலால் கிளறிப் பார்த்து, "மண்புழு வரட்டும், அப்பறம் சொல்றேன்" என்றார். அந்தத் தொட்டி இப்போது அறிவியல் ஆய்வகத்தின் வாசலில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு