சங்கத்து வாயிற் பலகை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஊர்ச்சபை விதிகள் வெட்டப்பட்டதை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். சபைக்கு உரியவர் யார், கணக்குக் காட்டாதவர் நிலை என்ன என்பன ஊரார் கண்ணிற்படும் இடத்திலேயே எழுதப்பட்டன. (நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அச்சபை உரியது, தறியில் உட்கார்ந்தவனுக்கு அங்கே இடமில்லை என்பதையும் மறத்தலாகாது.) அத்தகைய ஊரைச் சூழ்ந்த கிராமங்களில், 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, போய்க் கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பஞ்சாயத்துத் தலைவரும் இருந்திலர்.

பழைய பஞ்சாயத்துகளின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்தது. 2019 டிசம்பரில் மற்ற ஜில்லாக்களின் கிராமங்களில் தேர்தல் நடந்தும், எல்லை மாற்றத்துக்கு உட்பட்ட காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 ஜில்லாக்கள் விடப்பட்டன. நம்மவர் வாக்களித்தது 2021 அக்டோபரில்தான். அதுவரை தனி அலுவலர்களே நிர்வகித்தனர். 2020 அக்டோபர் 2ஆம் நாள் கூடவேண்டிய கிராம சபையும் நோயை முன்னிட்டு நிறுத்தப்பட்டது.

ஆகவே ஜனங்கள் ரேஷன் கடைக்கும், பால் கொள்முதல் நிலையத்துக்கும், நம் சங்கத்து வாயிலுக்கும் வந்தனர். கைப்பேசியில் செய்திக்குக் குறைவில்லை. கோழி தின்றால் நோய் வரும் என்பதும், மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரைத் தெருவில் தெளித்தால் நோய் அண்டாது என்பதும் அதில் வந்தவையே. திரும்பிக் கேட்டால் விடை சொல்ல அதில் ஆள் இல்லை.

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும், ‘எல்லா வேலைகளும் நிறுத்தம்’ என்று பலகையில் எழுதிவிட்டோம். 27ஆம் நாளே மத்திய சர்க்கார் வயல் வேலைக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் விலக்களித்தது. நாம் எழுதியதை அழித்து மாற்றியதோ நான்கு நாள் கழித்து. நவரை நெல் முற்றி நின்ற அங்கத்தினர் ஒருவர் அந்நான்கு நாளும் நம் எழுத்தை நம்பி வரப்பிலேயே நின்றார், மணி உதிர்ந்தது. ‘சங்கமே எழுதியபின் வேறு யாரைப் போய்க் கேட்பேன்?’ என்று அவர் கேட்டபோது நமக்கு விடை இல்லை. அன்று முதல் ஒவ்வோர் அறிவிப்பிலும் எழுதிய நாளையும், எழுதியவர் பெயரையும், எங்கிருந்து தெரிந்தது என்பதையும் சேர்த்தே எழுதலானோம். தினமும் காலையில் பலகையைக் கழுவும் வேலை காரியதரிசியைச் சேர்ந்தது.

நெசவாளர் கேள்வி வேறு. பாவும் ஊடையும் எப்போது வரும், கூலி எப்போது? ‘இன்றுவரை உத்தரவு இல்லை’ என்பதே பல நாள் எழுத்து. வெறும் பலகையைவிட அது மேலென்று அவர்களே சொன்னார்கள். கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து மே மாதம் ஊர் திரும்பியவர்களின் பெயரை எழுதும்படி சிலர் வற்புறுத்தினர். எழுத மறுத்தோம். அதற்கு ஏச்சும் கேட்டோம்.

பலகையால் ஆகாத காரியமும் உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று காலமானார். மாரடைப்பே காரணம், ஊசி அன்று என மருத்துவத் துறையினர் உடனே விளக்கினர். நாமும் அதனை எழுதினோம். படித்தவர்கள் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஊசிக்கு ஒருவரும் வரவில்லை. பிறகு கிராம சுகாதாரச் செவிலியர் சங்கத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். ‘நீ போட்டுக்கொண்டாயா அம்மா? காய்ச்சல் வந்ததா?’ என்று பாவு சுற்றும் மூதாட்டி ஒருவர் கேட்டார். ‘வந்தது பாட்டி, ஒரு நாள் படுத்திருந்தேன்’ என்றார் செவிலியர். கிழவி சற்று யோசித்து, ‘அப்படியானால் புதன்கிழமை வேண்டாம், பாவு இருக்கிறது, வியாழன் வருகிறேன்’ என்றாள். வியாழனன்று அவளுடன் பதினொரு பேர் வந்தனர்.