ஒரு பொருளுக்கு ஒரு சொல்

கட்டுரை எழுதும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆளக் கூடாது என்பதாகும். கதிரவன் என்று ஒரு வரியில் எழுதினால், அடுத்த வரியில் ஞாயிறு என்றும் பின்னர்ப் பரிதி என்றும் எழுதுவது நடைக்கு அழகு தரும். ஆனால் இலக்கண வகுப்பில் அதே ஆசிரியர் இவ்வழகை நாடுவதில்லை. எழுவாயை இறுதிவரை எழுவாய் என்றே கூறுவார். இடையில் அதனை வினைமுதல் என மாற்றிக் கூறினால் என்ன நேரும்? ‘ஆசிரியர் பாடத்தை எழுதினார்’ என்னும் தொடரில் இரண்டும் ஒருவரையே குறித்தலால் தீங்கில்லை. ‘பாடம் ஆசிரியரால் எழுதப்பட்டது’ என்னும் தொடரிலோ, எழுவாய் பாடம், வினைமுதல் ஆசிரியர். அதுவரை இரண்டையும் ஒன்றென எண்ணியிருந்த மாணவன் இங்கே தடுமாறுவான். பொருளில் ஐயம் எழுமாறு எழுதுவதை ‘மயங்க வைத்தல்’ எனப் பெயரிட்டு, நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக நன்னூலார் எண்ணினார். கலைச்சொல்லுக்கு அழகு அது மாறாதிருப்பதே.

இவ்வுண்மை இன்று மிகுதியும் வேண்டப்படும் இடங்களுள் ஒன்று கணினித்துறை. திரையில் தோன்றும் பொத்தான், பட்டியல், எழுதும் கட்டம் முதலியவற்றை அமைக்க, முன்னரே செய்து வைக்கப்பட்ட நிரல் தொகுதிகள் பல உள்ளன. அவற்றுள் பெயர்பெற்றது ரியாக்ட். பேஸ்புக் நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைப் பொதுப் பயனுக்கு வெளியிட்டனர். அதனைப் பயில்வோர்க்குப் பாடநூலாக விளங்குவது அதன் விளக்க ஆவணம். அதில் இரண்டு சொற்களைக் காணும் புதியவர், இரண்டு பொருள்கள் உள்ளன என்றே கொள்வார். ஒரு சொல்லைக் கண்டால் ஒரு பொருள் என்றே கொள்வார். அவர் எழுதும் நிரலும் அவ்வெண்ணத்தின்படியே அமையும்.

ஒரு சொல், இரு பொருள்

ரியாக்டில் ஒரு தகவல் மாறும்போது மூன்று செயல்கள் முறையே நிகழ்கின்றன. முதலாவது, திரையில் என்ன தோன்ற வேண்டும் என்று கணக்கிடுவது. இதற்கு ‘ரெண்டர்’ என்று பெயர். இரண்டாவது, முன்பிருந்ததற்கும் இப்போது வேண்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பக்கத்தின் அமைப்பில் ஏற்றுவது. இது ‘கமிட்’. மூன்றாவது, இணைய உலாவி அதனைக் கண்ணுக்குத் தெரியுமாறு திரையில் வரைவது. உலாவித் துறையினர் இம்மூன்றாவது செயலையும் ‘ரெண்டர்’ என்றே வழங்கி வந்தனர்.

குழப்பம் இங்கேதான் தோன்றுகிறது. ‘ரெண்டர்’ என்றாலே திரை மாறிவிட்டது என எண்ணும் நிரலர், அந்நிலையிலேயே ஒரு பெட்டியின் அகலத்தை அளக்க முற்பட்டால், அவருக்குக் கிடைப்பது பழைய அளவு. 2023 மார்ச்சில் வெளிவந்த புதிய ஆவணம் இதற்கு ஒரு வழி கண்டது. உலாவியின் செயலைத் தீட்டுதல் என்னும் பொருளுடைய ‘பெயின்ட்’ என்னும் சொல்லால் குறிப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. குழப்பம் நீக்குதலே அதன் நோக்கம் என்றும் கூறிற்று.

பொருள் மாறினால் பெயர்

சொல்லை மாறாமல் காப்பது என்றால் பழஞ்சொல்லை விடாமல் பற்றிக்கொள்வது என்பதன்று. ரியாக்டில் திரையின் பகுதிகளை ஆக்கித் தரும் நிரற்பகுதிக்குக் ‘காம்போனன்ட்’ என்று பெயர். அதனை வகுப்பு முறையிலும் எழுதலாம். சார்பு முறையிலும் எழுதலாம். முற்காலத்தில் சார்பு முறையில் எழுதப்பட்டது தன் நிலையைத் தானே நினைவில் வைத்துக்கொள்ள இயலாது. எனவே அது ‘நிலையற்றது’ என்னும் அடைமொழியுடன் வழங்கியது. 2019 பிப்ரவரியில் வெளிவந்த 16.8ஆம் பதிப்பு அவ்வாற்றலை அதற்கு அளித்தது. அன்றே பழைய பெயர் பொய்யாயிற்று. ஆகவே ஆவணமும் அவ்வடைமொழியை நீக்கிச் ‘சார்புக் காம்போனன்ட்’ என்னும் பெயரையே விரும்பி ஏற்றது. இத்தகைய மாற்றத்தை ஒரு பக்கத்தில் செய்து மறு பக்கத்தில் மறந்தால், மாற்றாதிருந்ததைவிடக் கேடு மிகுதியாகும்.

தமிழில் எழுதும்போது

தமிழில் பெயர்ப்போர்க்கு வேறு இரு இடர்கள் உண்டு. ‘எஃபெக்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் ரியாக்டுக்கே உரிய சிறப்புப் பொருள் என அவ்வாவணம் வரையறுத்துள்ளது. நிரலியலின் பொதுப்பொருளைக் குறிக்கும்போது ‘பக்க விளைவு’ என்று பொருள்படும் வேறு சொல்லை ஆள்கிறது. தமிழ் எழுத்திலோ பெரியது, சிறியது என்னும் வேறுபாடு இல்லை. ‘விளைவு’ என்று எழுதினால், அது சிறப்புப் பொருளா, அன்றாட வழக்கில் உள்ள பயன் என்னும் பொருளா என்று படிப்பவர் ஐயுறுவார். சிறப்புப் பொருளுக்கு ‘எஃபெக்ட்’ என்பதையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். அன்றி, ‘விளைவு’ என்பதை அதற்கே ஒதுக்கி, பிற இடங்களில் பயன், முடிவு என்று எழுதலாம். எதனைக் கொண்டாலும் இறுதிவரை அதனையே கொள்ள வேண்டும்.

மற்றோர் இடர் ‘உறுப்பு’ என்னும் சொல்லால் வருவது. ‘காம்போனன்ட்’ என்பதற்கும் அது பொருந்தும். ‘எலிமென்ட்’ என்பதற்கும் பொருந்தும். ரியாக்டில் இவை வேறு. முன்னது ஆக்கித் தரும் நிரற்பகுதி. பின்னது அது தரும் வருணனை. ஒன்றுக்குக் ‘கூறு’ என்றும் மற்றதற்கு ‘உறுப்பு’ என்றும் வகுத்துக்கொண்டால் மயக்கம் தீரும்.

பலர் இயல்களைப் பகிர்ந்துகொண்டு பெயர்க்கும் பணியில், இயல்களைப் பிரிக்குமுன் சொற்பட்டியலை முடிவு செய்வது நலம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் வரையறையும், தள்ளப்பட்ட மாற்றுச் சொற்களும், நிரலில் அது தோன்றும் மூலப் பெயரும் இருத்தல் வேண்டும். நிரலில் உள்ள பெயரை மாற்ற இயலாது. மாற்றினால் நிரல் இயங்காது. ஆதலால் தமிழ்ச்சொல் முதன்முறை வரும் இடத்தில் அம்மூலப் பெயரையும் காட்டிவிடுதல் முறை.

இவையெல்லாம் சிறு நுணுக்கங்களாகத் தோன்றலாம். ஆனால் பாடம் விளங்காதபோது பயில்பவர் நூலின் சொல்லை ஐயுறுவது அரிது. தமக்கே அறிவு போதவில்லை என்று எண்ணிப் பலர் புத்தகத்தை மூடிவிடுவர். தமிழ்வழி அறிவியல் பயில வருவோர் அவ்வாறு திரும்பிச் செல்லாமல் காக்கும் பொறுப்பு, சொல்லைத் தேர்ந்தெடுப்பவரையே சாரும்.