சிறிய இணைய நிலையத்துக்கு எந்த வலையமைப்பு அட்டை?

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இணையம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1980களில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பல கிராமங்கள் நீரில் மூழ்கின. மக்கள் காணிகளை விட்டு வேறிடங்களில் குடியேற நேர்ந்தது. 1989இல் அங்கு தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத் தொடர்பைப் பெற்றது. நேயர்கள் கேட்டவற்றை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் விளக்கினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களும் அத்தொடர்பில் இணைக்கப்பட்டன.

இவ்வாறு ஒரு தொடர்பைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் கணனியே சேவர். கம்பி வந்து சேரும் அதன் வாசல்தான் வலையமைப்பு அட்டை. உருத்திரபுரம் போன்ற ஊரில் நிலையம் அமைப்போர் இதனை வாங்குமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வேகம். இரணைமடு வாய்க்காலில் வரும் நீர் குறைவாயின், வரம்பில் வெட்டும் வாயை எவ்வளவு அகலமாக்கினாலும் வயலுக்குப் பாயும் நீர் கூடாது. கொத்மலைக்கு வந்த இணைப்பின் வேகம் வினாடிக்கு 64 கிலோபிற். அக்காலத்துச் சாதாரண அட்டையோ 10 மெகாபிற் கடத்தும். அதாவது 150 மடங்குக்கும் மேல். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 1 கிகாபிற் அட்டையே சிறிய நிலையத்துக்குப் போதும். அதிலும் விலை கூடியதை வாங்குவதால் வெளி இணைப்பு வேகமாகாது.

இரண்டாவது, எண்ணிக்கை. எல்லாத் தகவலும் சேவரினூடாகச் செல்வதானால் இரு வாசல்கள் தேவை: ஒன்று வெளி இணைப்புக்கு, மற்றது உள்ளேயுள்ள கணனிகளுக்கு.

மூன்றாவது, பொருத்தம். பழைய கணனியின் பீசிஐ துளையில் புதிய பீசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை பொருந்தாது. பெட்டியில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல், அட்டையிலுள்ள சிப்பின் பெயரைக் கேட்டறியுங்கள். சேவரில் லினக்ஸ் இயங்குமாயின், அது அந்தச் சிப்பை ஏற்கிறதா என உறுதிசெய்த பின்பே பணம் கொடுங்கள்.

நான்காவது, இடி மின்னல். வன்னியில் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இதனை மறக்கலாகாது. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த செப்புக் கம்பி மின்னலின் பாய்ச்சலை உள்ளே கொண்டுவரக்கூடும். அங்கு கண்ணாடி இழைக் கம்பி பாதுகாப்பானது; அது மின்சாரத்தைக் கடத்தாது. செப்புக் கம்பியைக் கட்டடத்தினுள் 100 மீற்றருக்கு மேற்படாமல் இழுங்கள். தாய்ப்பலகையோடு சேர்ந்த வாசல் எரிந்தால் பலகையையே மாற்ற நேரிடலாம். தனி அட்டை எரிந்தால் பெரும்பாலும் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆகவே விலை கூடிய ஓர் அட்டையிலும் ஒரே வகையான மூன்று சாதாரண அட்டைகள் மேல்: இரண்டு வேலைக்கு, ஒன்று பெட்டியில். விதைநெல்லை ஒதுக்கி வைக்கும் எமக்கு இது புதிய பாடமன்று. காணி விண்ணப்பத்துக்கும் தூரத்துப் பிள்ளையின் கடிதத்துக்கும் காத்திருப்பவரை, ஓர் அட்டைக்காக நாட்கணக்கில் திருப்பி அனுப்ப வேண்டி வராது.